ஜோஸ்கினின் 'ஆவே மரியா'வை 1502 அச்சிலிருந்து எழுதி எடுக்கிறேன்: டெனார் ஒரு செமிபிரேவிஸ் தள்ளி நிற்கிறது

குளச்சல்_ஆல்டோ:

வணக்கம். செப்டம்பர் 8 மாதா பிறப்பு விழாவில் நற்கருணைக்குப் பிறகு பாட, ஐரோப்பிய இசையமைப்பாளர் ஜோஸ்கின் தே பிரேயின் நான்கு குரல் 'ஆவே மரியா, விர்கோ செரேனா'வைத் தேர்ந்திருக்கிறோம். 'ஆவே குயுஸ் நத்திவித்தாஸ்' என்று தொடங்கும் பத்தி மாதாவின் பிறப்பையே பாடுவதால் அன்றைக்குப் பொருத்தம். எங்கள் பங்குப் பாடகர் குழுவில் சோப்ரானோ 5, ஆல்டோ 4, டெனார் 3, பேஸ் 3.

இலவசமாகக் கிடைக்கும் பிரதிகளை எடுத்துப் பார்த்தால் ஒன்றில் ஷார்ப் இருக்கிற இடத்தில் இன்னொன்றில் இல்லை. சுரத்துக்குக் கீழே வார்த்தை நிற்கும் இடமும் பிரதிக்குப் பிரதி மாறுகிறது. எது மூலத்தில் உள்ளது, எது பதிப்பித்தவர் சேர்த்தது என்று தெரியவில்லை. அதனால் ஒத்தாவியானோ பெத்ருச்சி 1502-ல் வெனிஸில் அச்சிட்ட 'மொத்தெத்தி ஆ' தொகுப்பின் படத்தை வைத்து மியூஸ்கோர் என்ற இசை எழுதும் மென்பொருளில் நானே எழுதுகிறேன். அந்தத் தொகுப்பின் முதல் பாட்டே இதுதான். ஸ்டாஃப் நொடேஷன் நன்றாகத் தெரியும், நீண்ட சுரங்களை உள்ளே நிரப்பாமல் வெள்ளையாக விடும் அக்காலத்து வெள்ளைச் சுரக் குறியீடு எனக்குப் புதிது.

சிக்கும் இடங்கள்:

'ஆவே வேரா விர்ஜினித்தாஸ்' என்று மூன்று கணக்குக்கு மாறும் பகுதியில் டெனார் மற்றவர்களைவிட ஒரு செமிபிரேவிஸ் (வாலில்லாத சாய்சதுரச் சுரம்) பிந்தி நிற்கிறது. முதலில் உள்ள ஓய்வை எடுத்துவிட்டால் சரியாகுமா?

பேஸில் ஒட்டிக்கிடக்கும் சதுரச் சுரங்களை எல்லாம் பிரேவிஸ் என்றே எழுதினேன். பகுதி முடிவில் பேஸ் ஒரு பிரேவிஸ் குறைகிறது.

ஷார்ப், ஃபிளாட் எங்கே போடுவது, எந்த விதியில்? கீழ்க்குரல்களில் வார்த்தை சுரத்துக்கு நேராக நிற்காத இடங்களை எப்படித் தீர்ப்பது?

ஆல்டஸ் எங்கள் பெண்களுக்கு மிகவும் தாழ்வாக இருக்கிறது. கீபோர்டு வைத்துப் பழகலாமா?

தெரிந்தவர்கள் விளக்கமாகச் சொன்னால் உதவியாக இருக்கும்.

---

பார்வதிபுரம்_ஏடு:

தங்கச்சி, அந்த ஓய்வைத் தொடாதீங்க. டெனார் பிந்தி நிற்பதுதான் அந்தப் பகுதியின் அமைப்பு. 'ஆவே வேரா' முழுக்க சூப்பீரியஸுக்கும் (மேல்குரல், உங்கள் சோப்ரானோ) டெனாருக்கும் இடையே ஒரு கானன். சூப்பீரியஸ் பாடும் மெட்டையே டெனார் ஐந்தாம் சுரம் கீழே, ஒரு செமிபிரேவிஸ் தாமதமாகப் பாடிக்கொண்டு வருகிறது. நான்கு குரலும் ஒன்றாக அசைவது போலக் கேட்பதால் எழுதி எடுப்பவர்களுக்கு இது பிழை என்று தோன்றும். ஓய்வை எடுத்துவிட்டால் கானன் போகும், அடுத்த சுரத்திலேயே குரல்கள் மோதும்.

இதை வைத்தே உங்கள் எழுத்தைச் சோதிக்கவும் செய்யலாம். சூப்பீரியஸை நகலெடுத்து, ஐந்தாம் சுரம் கீழே இறக்கி, ஒரு செமிபிரேவிஸ் வலப்பக்கம் தள்ளி, டெனாருக்கு மேல் தற்காலிகமாக ஒரு ஸ்டாஃபில் வையுங்க. இரண்டும் எங்கே பிரிகிறதோ அங்கே மட்டும் படத்தைத் திரும்பப் பாருங்க. பெரும்பாலும் அங்கே நீங்கள் வாசித்த நீளம் தவறாக இருக்கும்.

இனி மூன்று கணக்கு. அதற்கு முன்வரை உள்ள குறி செங்குத்துக் கோடு வெட்டிய அரைவட்டம். அங்கே எல்லாம் இரண்டு இரண்டாகப் பிரியும்: ஒரு லாங்காவுக்கு 2 பிரேவிஸ், ஒரு பிரேவிஸுக்கு 2 செமிபிரேவிஸ், ஒரு செமிபிரேவிஸுக்கு 2 மினிமா. பக்கத்தில் புள்ளி வந்தால் பாதி கூடும். இன்றைய வாசிப்போடு பெரிய வேறுபாடு இல்லை. 3 என்ற குறி வந்த பிறகு பிரேவிஸ் 3 செமிபிரேவிஸ் கொண்டது, அதாவது பெர்ஃபெக்ட். ஆனால் அதே சதுர வடிவம் சில இடங்களில் 2 செமிபிரேவிஸ் மட்டும் கொள்ளும். எது எங்கே என்பதை வடிவம் சொல்லாது, பக்கத்தில் நிற்கும் சுரம்தான் சொல்லும்.

பிரேவிஸுக்கு அடுத்து இன்னொரு பிரேவிஸ் வந்தால் முதல் பிரேவிஸ் 3. இதற்கு விலக்கு இல்லை. பிரேவிஸுக்கு அடுத்து ஒரே ஒரு செமிபிரேவிஸ் வந்து மறுபடி பிரேவிஸ் வந்தால், அந்த செமிபிரேவிஸ் முதல் பிரேவிஸிலிருந்து ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும். 2 + 1 என்று மூன்று பங்கு கொண்ட ஒரு கட்டு நிறையும். இரண்டு பிரேவிஸுக்கு நடுவே இரண்டு செமிபிரேவிஸ் வந்தால் பிரேவிஸ் 3 ஆகவே இருக்கும், இரண்டாவது செமிபிரேவிஸ் இரட்டிக்கும்: 1 + 2. இந்த இரட்டிப்பைத்தான் புதிதாகப் படிப்பவர்கள் தவறவிடுவார்கள். மூன்று செமிபிரேவிஸ் வந்தால் அவை தாமே ஒரு கட்டு, பிரேவிஸைத் தொடாது. நான்கு வந்தால் முதலாவது முன்னால் உள்ள பிரேவிஸைக் குறைக்கும், மீதி மூன்றும் ஒரு கட்டு.

ஓய்வு பற்றிய விதிதான் உங்கள் டெனாருக்கு முக்கியம். ஓய்வு தன் அளவில் குறையவோ கூடவோ செய்யாது. ஆனால் பக்கத்துச் சுரத்தைக் குறைக்கும். டெனார் ஒரு செமிபிரேவிஸ் ஓய்வோடு நுழைவதால் கட்டின் முதல் பங்கு அந்த ஓய்வு. அதற்கடுத்து பிரேவிஸ் வந்தால் மீதி இரண்டு பங்குதான் அதற்கு உண்டு. ஓய்வை எண்ணாமல் முதல் சுரத்திலிருந்து கட்டு பிரித்தால் அடுத்தடுத்த பிரேவிஸ் எல்லாம் தவறாக விழும்.

ஓய்வின் வடிவையும் கவனியுங்க. கோட்டிலிருந்து கீழே தொங்கும் சிறு கோடு செமிபிரேவிஸ் ஓய்வு. கோட்டின் மேல் நிமிர்ந்து நிற்பது மினிமா ஓய்வு. ஒரு இடைவெளியை முழுதாக நிரப்பினால் பிரேவிஸ் ஓய்வு. இரண்டு இடைவெளியைக் கடந்தால் இரண்டு பிரேவிஸ் கொண்ட லாங்கா ஓய்வு. படம் மங்கலாக இருந்தால் தொங்குவதும் நிமிர்வதும் குழம்பும், பெரிதாக்கிப் பாருங்க.

இந்தப் பகுதியில் ஒரு சுரத்தின் பக்கத்தில் புள்ளி இருந்தால் அது நீளத்தைக் கூட்டும் புள்ளியாகவும் இருக்கலாம், இங்கே கட்டு முடிகிறது என்று பிரிக்கும் புள்ளியாகவும் இருக்கலாம். பார்வைக்கு இரண்டும் ஒன்றே. நீளம் கூட்டி எண்ணிப் பாருங்க. அடுத்த பிரேவிஸ் வரும்போது கட்டு உடைந்தால் அது பிரிக்கும் புள்ளி. கருத்த பிரேவிஸ் வந்தால் அது எப்போதும் 2. மூன்று கருத்த பிரேவிஸ் சேர்ந்து இரண்டு வெள்ளை பிரேவிஸின் இடத்தைப் பிடிக்கும்.

அடுத்து ஒட்டுச் சுரங்கள், அதாவது லிகேச்சர். பேஸ் ஒரு பிரேவிஸ் குறைகிறது என்று நீங்கள் எழுதியதிலிருந்தே காரணம் தெரிகிறது: எங்கோ ஒரு லாங்காவை பிரேவிஸாக எழுதியிருக்கிறீங்க. முதல் சுரத்தை இப்படிப் படிக்கணும். வால் இல்லாமல் அடுத்த சுரம் கீழே இறங்கினால் அது லாங்கா. வால் இல்லாமல் அடுத்தது மேலே ஏறினால் பிரேவிஸ். இறங்கும் லிகேச்சரில் இடப்பக்கம் கீழ்நோக்கி வால் இருந்தால் பிரேவிஸ். இடப்பக்கம் மேல்நோக்கி வால் இருந்தால் முதல் இரண்டு சுரமும் செமிபிரேவிஸ். கடைசிச் சுரத்துக்கு வேறு கணக்கு: சதுரமாகக் கீழே இறங்கி முடிந்தால் லாங்கா, மேலே ஏறி முடிந்தால் பிரேவிஸ், சாய்ந்த பட்டையின் முனையில் முடிந்தாலும் பிரேவிஸ். நடுவில் உள்ளவை பிரேவிஸ்.

ஆக, ஒரு குரல் சரியாக ஒரு பிரேவிஸ் குறைந்தால் வாலில்லாமல் இறங்கும் லிகேச்சரைத் தேடுங்க. சரியாக ஒரு பிரேவிஸ் கூடினால் மேல்வால் லிகேச்சரை இரண்டு பிரேவிஸாக எழுதியிருப்பீங்க. அரை பிரேவிஸ் வித்தியாசம் என்றால் பெரும்பாலும் விடுபட்ட புள்ளி, அல்லது ஓய்வு.

கணக்கை எழுதிக்கொண்டே சரிபார்க்கணும், கடைசியில் அல்ல. எல்லாக் குரலும் சேர்ந்து முடியும் இடம் ஒவ்வொன்றிலும் நிறுத்தி, நான்கு குரலுக்கும் செமிபிரேவிஸ் எண்ணிக்கையை ஓரத்தில் பென்சிலால் குறியுங்க. ஒவ்வாத குரலில் அந்தத் துண்டை மட்டும் திரும்பப் படித்தால் போதும். பாட்டின் இறுதியில் வரும் லாங்காவை மட்டும் எண்ண வேண்டாம், அது எல்லாரும் சேர்ந்து முடியும்வரை பிடிக்கும் சுரம்.

வரியின் கோடியில் சிறிய குறி ஒன்று நிற்கும், கஸ்டோஸ் என்பார்கள். அடுத்த வரியின் முதல் சுரம் எது என்று அது காட்டும். அதுவும் அடுத்த வரியும் ஒத்துவரவில்லை என்றால் கிளெஃப் இடம் மாறியிருக்கும், அல்லது அச்சுப் பிழை. சி கிளெஃப் எந்தக் கோட்டைப் பிடித்து நிற்கிறதோ அந்தக் கோடு மத்திய சி. வரி தொடங்கும்போதெல்லாம் அதைப் பார்க்காமல் எழுதினால் ஒரு வரி முழுக்க மூன்றாம் சுரம் மேலேயோ கீழேயோ போய்விடும்.

---

மணவாளை_பேஸ்:

ஏடு அண்ணாச்சி வாசிப்பைச் சொல்லிட்டாங்க. பாடுவதற்கான பக்கம் நான் சொல்றேன்.

மியூஸ்கோரில் எல்லா நீளத்தையும் பாதியாக்கி எழுதுங்க: செமிபிரேவிஸுக்கு ஹாஃப் நோட், மினிமாவுக்கு குவார்ட்டர். ஒரு பாருக்கு ஒரு பிரேவிஸ், அதாவது 2/2. மூன்று கணக்கு வரும்போது 3/2. பழைய பதிப்புகள் சிலவற்றில் நாலில் ஒன்றாகக் குறைத்திருப்பார்கள். பக்கம் முழுக்க எட்டாம் சுரமாகத் தெரியும், பாடுபவர்கள் தாமாகவே ஓடத் தொடங்குவார்கள். மூல நீளத்திலேயே எழுதினால் புதியவர்களுக்கு எல்லாமே நீண்டு தெரியும். பாதி அளவுதான் விழாக் குழுவுக்கு ஏற்றது.

3/2-க்கு மாறும் இடத்தில் 'பழைய ஒரு பார் = புதிய ஒரு பார்' என்று மேலே எழுதி வையுங்க. முன்பு இரண்டு செமிபிரேவிஸ் பாடிய நேரத்தில் இப்போது மூன்று. கையின் தட்டு மாறாது, உள்ளே பிரிவு மட்டும் மாறும். தாளத்தை நிறுத்தாமல் சதுஸ்ர நடையிலிருந்து திஸ்ர நடைக்குப் போவதைப் பாடிப் பழகியவர் குழுவில் ஒருவர் இருந்தால் மற்றவர்களுக்கு எளிது. வேகத்துக்கு ஹாஃப் நோட் நிமிடத்துக்கு 60 முதல் 72-க்குள் வையுங்க. செமிபிரேவிஸ் அளவை அமைதியாக மூச்சுவிடும் மனிதனின் நாடித்துடிப்போடு ஒப்பிட்டு இசைக் கோட்பாட்டாளர் கஃபூரியஸ் 1496-ல் எழுதியிருக்கிறார். அந்த வேகம் உங்கள் கோயிலின் எதிரொலிக்கும் பொருந்தும்.

பார் கோட்டை ஸ்டாஃபின் குறுக்கே போடாமல், ஸ்டாஃபுக்கும் ஸ்டாஃபுக்கும் நடுவில் மட்டும் தெரியும்படி வைத்துப் பாருங்க. இது அழகுக்காகச் சொல்லும் யோசனை அல்ல. 'ஆவே வேரா'வில் டெனாரின் அழுத்தம் பார் கோட்டில் விழாது. குறுக்கே கோடு இருந்தால் டெனார் அந்தக் கோட்டில் அழுத்திவிடுவார், கானன் காதில் விழாமல் போகும். டெனாரிடம் சொல்லுங்க: சோப்ரானோ 'ஆ' என்று எப்படித் தொடங்கினாரோ அதே எடையோடு நீங்களும் உங்கள் 'ஆ'வைத் தொடங்கணும், ஒரு தட்டு பிந்தி. முதலில் இந்த இரண்டு குரலை மட்டும் நிறுத்திப் பாட வையுங்க. அவர்கள் உறுதியான பிறகு ஆல்டோ, பேஸ் சேரட்டும். நான்கையும் ஒன்றாகத் தொடங்கினால் டெனார் இரண்டே வரியில் சோப்ரானோவோடு ஒட்டிக்கொள்வார்.

சுருதி பற்றி: அந்தக் காலத்துக்கு ஒரே நிலையான சுருதி கிடையாது. எழுதியிருக்கும் சி இன்றைய சி-யாக ஒலிக்க வேண்டிய கட்டாயம் இல்லை. பேஸின் மிகத் தாழ்ந்த சுரத்தையும் சோப்ரானோவின் மிக உயர்ந்த சுரத்தையும் குறித்துக்கொண்டு, நடுவில் உங்கள் ஆட்களுக்கு எது வசதியோ அங்கே நகர்த்துங்க. ஆனால் ஆல்டஸ் என்பது (இன்று ஆல்டோ பாடும் வரி) பெண்களுக்கு எழுதிய குரல் அல்ல, உயர்ந்த ஆண் குரல். வீச்சில் டெனாருக்குப் பக்கத்திலேயே கிடக்கும். பாட்டு முழுதையும் ஒரு சுரம், அல்லது ஒன்றரைச் சுரம், ஏற்றிவிட்டு, உங்கள் மூன்று டெனாரில் உயரமாகப் பாடும் ஒருவரை ஆல்டோவோடு நிறுத்துங்க. தாழ்ந்த இடத்தில் அவர் தாங்குவார், மேலே போகும்போது பெண்கள் தாங்குவார்கள். மீதி இரண்டு டெனார் இந்தப் பாட்டுக்குப் போதும்.

கீபோர்டைத் தொடக்கச் சுரம் எடுக்க மட்டும் வைத்துக்கொள்ளுங்க. ஒவ்வொரு குரலையும் தனியாகக் கற்பிக்கவும் பயன்படுத்தலாம். நான்கு குரலும் சேர்ந்த பிறகு அணைத்துவிடுங்க. கீபோர்டின் பெரிய மூன்றாம் சுரம் 400 சென்ட் (அரைச்சுரத்தின் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்). காதுக்குச் சுத்தமாக நிற்கும் மூன்றாம் சுரம் 386. கீபோர்டைக் கேட்டுக்கொண்டே பாடினால் மூன்றாம் சுரம் எப்போதும் கூர்மையாக நிற்கும், நீண்ட சுரங்களில் ஒலி அதிர்ந்துகொண்டே இருக்கும். கடைசி 'ஓ மாத்தெர் தேயி, மெமெந்தோ மேயி' பகுதியில் எல்லாரும் ஒன்றாக நீண்ட சுரங்களில் நகர்வதால் இது நன்றாகவே காதில் விழும். முடிவுச் சுரக்கட்டில் மூன்றாம் சுரமே கிடையாது, சி-யும் ஜி-யும் மட்டும். யாராவது அழகாக இருக்கட்டும் என்று நடுவில் ஈ சேர்த்துப் பாடினால் நிறுத்துங்க. அந்த வெறுமைதான் முடிவு.

---

தக்கலை_சுவடி:

ஷார்ப், ஃபிளாட், வார்த்தை இரண்டுக்கும் நான் சொல்கிறேன் அக்கா.

மூலத்தில் அச்சிட்டிருக்கும் குறியை ஸ்டாஃபுக்குள் எழுதுங்கள். நீங்கள் சேர்ப்பதைச் சுரத்துக்கு மேலே சிறிதாக எழுதுங்கள். இந்த ஒரு ஒழுங்கைக் கடைப்பிடிக்காததால்தான் நீங்கள் பார்த்த பிரதிகளில் எது யாருடையது என்று தெரியாமல் போனது.

எழுதாமல் விட்டதைப் பாடகரே சேர்ப்பதை மியூசிகா ஃபிக்டா என்பார்கள். சேர்ப்பதற்கு இரண்டே காரணம்: அவசியம், அழகு. எஃப்-க்கும் பி-க்கும் இடையே நேருக்கு நேர் மோதும் டிரைடோனை (மூன்று முழுச்சுர இடைவெளி) தவிர்ப்பது அவசியம். அங்கே பெரும்பாலும் பி ஃபிளாட் ஆகும். மெட்டு ஏ வரை ஏறி ஒரே ஒரு சுரம் மேலே தொட்டுத் திரும்பினால் அந்த மேல்சுரத்தை ஃபிளாட்டாகப் பாடும் வழக்கமும் உண்டு.

அழகுக்காகச் சேர்ப்பது கேடன்ஸில், அதாவது குரல்கள் சேர்ந்து ஒரு தொடரை முடிக்கும் இடத்தில். இரண்டு குரல்கள் ஆறாம் சுர இடைவெளியிலிருந்து எட்டாம் சுரத்துக்கு விரியும்போது அந்த ஆறு பெரிய ஆறாக இருக்க வேண்டும். இந்தப் பாட்டு சி-யில் நிற்பதால் வேலை குறைவு. சி-யில் முடியும் கேடன்ஸில் பி இயல்பாகவே அரைச்சுரம் கீழே நிற்கிறது, எதுவும் சேர்க்க வேண்டாம். ஜி-யில் முடிந்தால் எஃப் ஷார்ப். டி-யில் முடிந்தால் சி ஷார்ப். ஈ-யில் முடியும்போது கீழ்க்குரல் எஃப்-லிருந்து ஈ-க்கு அரைச்சுரம் இறங்குவதால் மேலே டி-யை ஷார்ப் ஆக்கக் கூடாது. நவீனக் காதோடு பதிப்பித்தவர்கள் அதிகம் சறுக்கும் இடம் இதுதான்.

கானன் பகுதியில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. சூப்பீரியஸில் ஈ, எஃப் என்று அரைச்சுரம் வரும் இடத்தில், ஐந்தாம் சுரம் கீழே டெனாரில் ஏ, பி என்று முழுச்சுரம் வரும். பி-யை ஃபிளாட் ஆக்கினால்தான் இரண்டும் அச்சாக ஒக்கும். ஆனால் கண்ணை மூடிக்கொண்டு எல்லா இடத்திலும் போட வேண்டாம். அந்தத் தட்டில் பேஸும் ஆல்டஸும் என்ன பாடுகின்றன என்று பாருங்கள். கீழே எஃப் இருந்தால் ஃபிளாட் தேவை. ஈ இருந்தால் ஃபிளாட் போட்டதும் அங்கேயே புது மோதல் வரும். ஒவ்வோர் இடத்தையும் தனித்தனியாகத் தீர்மானித்து, ஏன் என்று ஒரு வரி எழுதி வையுங்கள்.

வார்த்தைக்கு இசைக் கோட்பாட்டாளர் சார்லினோ 1558-ல் பத்து விதிகள் கொடுத்திருக்கிறார். அது இந்த அச்சுக்கு அரை நூற்றாண்டுக்குப் பின்னால் வந்தது. ஆகவே அதைச் சட்டமாக எடுக்காமல் வழிகாட்டியாக எடுங்கள். ஒரு லிகேச்சருக்கு ஒரே அசை. புள்ளிக்குத் தனி அசை கிடையாது. செமிமினிமாவுக்கு (மினிமாவில் பாதி) பொதுவாகத் தனி அசை தருவதில்லை. கடைசி அசை கடைசிச் சுரத்தில் விழ வேண்டும். அதற்கு முந்தைய அசை நீண்டு அலைந்தால் தவறில்லை. சொற்றொடரைத் திரும்பப் பாடலாம், ஆனால் முழுப் பொருள் தரும் தொடராக இருக்க வேண்டும், ஒற்றைச் சொல்லோ பாதித் தொடரோ கூடாது. இவற்றில் லிகேச்சர் விதியும் கடைசி அசை விதியும் இந்த அச்சிலும் நன்றாகவே பொருந்தும். பின்பற்றி வரும் குரலுக்கு முன்குரல் பாடிய அசைப்பிரிவையே கொடுங்கள். தொடக்கத்தில் மேலிருந்து கீழாக நான்கு குரலும் ஒன்றன்பின் ஒன்றாக அதே மெட்டோடு நுழைவதால், சூப்பீரியஸில் ஒருமுறை தீர்த்தால் நான்கும் தீர்ந்தது.

மியூஸ்கோரில் கண்ட்ரோல்-எல் அழுத்தி வார்த்தை எழுதும்போது, அசை பிரிக்க ஹைஃபன், கடைசி அசை பல சுரத்துக்கு நீண்டால் அடிக்கோடு. அடிக்கோடு போடாமல் விட்டால் பாடுபவர் அசையைச் சீக்கிரம் முடித்து மூச்சு எடுத்துவிடுவார்.

ஒவ்வொரு குரலின் முதல் வரிக்கு முன்னாலும் மூலத்து கிளெஃப், கால அளவுக் குறி, முதல் சுரம் ஆகியவற்றைச் சிறிதாக வரைந்து வையுங்கள். கடைசிப் பக்கத்தில் மாற்றக் குறிப்பு: பார் எண், குரல், அச்சில் இருப்பது, நீங்கள் எழுதியது. வேறு ஏடுகளோடு ஒப்பிட விரும்பினால் மியூனிக் பவேரிய அரசு நூலகத்தின் 3154 எண் கையெழுத்துச் சுவடியிலும் இந்தப் பாட்டு இருக்கிறது. பெத்ருச்சி அச்சுக்கு முந்தைய பிரதி அது. ஒப்பிடும்போது எல்லா வேறுபாட்டையும் ஒரே எடையில் வைக்காதீர்கள். ஒரு நீண்ட சுரத்தை இரண்டாக உடைப்பது, கேடன்ஸில் சிறு அலங்காரம் சேர்ப்பது எல்லாம் எழுதியவர் தன் விருப்பத்துக்குச் செய்வது, அதிலிருந்து எதையும் முடிவு செய்ய முடியாது. இரண்டு பிரதிகள் ஒரே இடத்தில் ஒரே தெளிவான பிழையைச் செய்திருந்தால்தான் அவை ஒரே தாய்ப்பிரதியிலிருந்து வந்தவை என்று சந்தேகிக்க இடம் உண்டு.

---

குளச்சல்_ஆல்டோ:

எல்லாருக்கும் மிக்க நன்றி. ஏடு அண்ணாச்சி சொன்ன மாதிரியே பேஸில் வாலில்லாமல் இறங்கும் லிகேச்சர் இருந்தது. முதல் சுரத்தை லாங்கா ஆக்கினதும் கணக்கு ஒத்துவிட்டது. டெனார் ஓய்வை அப்படியே வைத்துவிட்டேன்.

இன்னும் இரண்டு கேள்வி. இரண்டு கணக்குப் பகுதியில் கருத்த செமிபிரேவிஸும் அடுத்து கருத்த மினிமாவும் ஜோடியாக வந்தால் எப்படி எழுதுவது? அங்கே மூன்றில் ஒரு பங்கு குறையும் விதி பொருந்தவில்லையே?

இன்னொன்று, விழா மலரில் இந்தப் பாட்டைப் பற்றி ஒரு பத்தி கேட்கிறார்கள். 'புனித சவேரியார் நம் கடற்கரையில் பாடக் கற்றுக்கொடுத்த இசை' என்று போடலாம் என்று ஒரு யோசனை வந்திருக்கிறது. போடலாமா?

---

தக்கலை_சுவடி:

போட வேண்டாம் அக்கா. காலம் நெருங்கி வருவதால் அப்படி நினைக்கத் தோன்றுகிறது: ஜோஸ்கின் இறந்தது 1521, சவேரியார் பிறந்தது 1506, திருவிதாங்கூர்க் கடற்கரைக்கு வந்தது 1544. ஆனால் காலம் ஒத்திருப்பது சான்று ஆகாது. சவேரியாரின் கடிதங்கள் சொல்வது, உதவியாளர்களை வைத்து ஜெபங்களைத் தமிழில் பெயர்த்து, சிறுவர்களையும் ஊர்மக்களையும் கூட்டித் திரும்பத் திரும்பச் சொல்லவைத்து மனப்பாடம் செய்வித்ததை. நான்கு குரல் மொத்தெத்து (இது போன்ற பல குரல் லத்தீன் பக்திப் பாட்டு) பாட, குறியீடு படிக்கத் தெரிந்த பாடகர்கள் வேண்டும், ஏடு வேண்டும், பழகுவதற்கு நிலையான இடம் வேண்டும். கிராமம் கிராமமாக நடந்துகொண்டிருந்தவரின் பணியில் இவற்றுக்கு இடம் இருந்ததாக அந்தக் கடிதங்களிலிருந்து காட்ட முடியாது. நம் கோட்டாறு மக்களின் நினைவில் சவேரியாருக்கு இருக்கும் இடம் பெரியது. அதனாலேயே அவர் பெயரில் சான்றில்லாத வரி அச்சில் ஏறக் கூடாது. ஒருமுறை மலரில் வந்தால் அடுத்த ஆண்டு அதையே ஆதாரமாகக் காட்டுவார்கள்.

அதற்குப் பதில் பாட்டிலேயே நல்ல செய்தி இருக்கிறது. 'ஆவே' என்று தொடங்கும் ஐந்து பத்திகள் மாதாவின் ஐந்து திருநாள்களை வரிசையாகப் பாடுகின்றன: மாதா தன் தாயின் கருவில் உருவான நாள், பிறப்பு, மங்களவார்த்தை, தூய்மைச் சடங்கு, விண்ணேற்பு. உங்கள் விழா அதில் இரண்டாவது. டெனார் கானன் வரும் 'ஆவே வேரா விர்ஜினித்தாஸ்' நான்காவது. இதை எழுதி, லத்தீன் வரிகளுக்கு நேராகத் தமிழ்ப் பொருளையும் போட்டால் மக்கள் கேட்டுக்கொண்டே பின்தொடர முடியும்.

---

பார்வதிபுரம்_ஏடு:

கருத்த ஜோடிக்கு: இரண்டு கணக்கில் கருத்த செமிபிரேவிஸ் + கருத்த மினிமா என்பதைப் புள்ளி வைத்த மினிமா + செமிமினிமா என்று வாசியுங்க. உங்கள் பாதி அளவில் அது புள்ளி வைத்த குவார்ட்டர் + எட்டாம் சுரம். இரண்டும் சேர்ந்து ஒரு செமிபிரேவிஸ், அதாவது ஒரு ஹாஃப் நோட். அதனால் மொத்தக் கணக்கு கலையாது. ஆனால் தனியாக நிற்கும் கருத்த வாலுள்ள சுரம் வெறும் செமிமினிமா. இரண்டையும் குழப்பாமல் இருக்க, முன்னால் வாலில்லாத கருத்த சாய்சதுரம் இருக்கிறதா என்று முதலில் பாருங்க. எழுதும்போது அந்த இரு சுரத்தின் மேல் ஒரு திறந்த அடைப்புக்கோடு வரைந்தால், மூலத்தில் கருப்பாக இருந்தது என்று படிப்பவருக்குத் தெரியும். லிகேச்சர் வந்த இடங்களுக்கு மூடிய அடைப்புக்கோடு. இரண்டையும் மாற்றிப் போட்டால் பிறகு வார்த்தை பிரிப்பதிலும் சிக்கல் வரும்.

எழுதி முடித்ததும் பாடுபவர்களுக்குக் கொடுக்கும் முன் ஒருமுறை ஒவ்வொரு குரலையும் படத்தில் விரல் வைத்து, உங்கள் எழுத்தைப் பார்க்காமல், மூலத்திலிருந்தே பாடிப் பாருங்க. கணினி ஒலிப்பது உங்கள் பிழையையும் சேர்த்துத்தான் ஒலிக்கும். பிரதியை இங்கே இணைத்தால் லிகேச்சர் இடங்களையும் 3 கணக்குப் பகுதியையும் நான் அச்சோடு ஒப்பிட்டுச் சொல்றேன். ஃபிக்டாவைச் சுவடித் தம்பி பார்த்துக்கொள்ளட்டும்.